கைவிசேஷத்துக்கு ஒரு கிளிக்

9 ஏப்ரல் 2007, திங்கள்

காலை முதல் பனி. கடைவாசலில் நின்றால் ஹட்டன் பஸ் நிலையம் தெரியவில்லை, கண்டக்டர்மாரின் கூச்சல் மட்டும். வருடப்பிறப்புச் சரக்கு வந்து இறங்கியது: வாழ்த்து அட்டை, பலூன், பட்டாசு. இரண்டு பெட்டி ஈரம். லொறிக்காரனோடு தகராறு. ஜெயித்தேன்.

பிற்பகல், கடையின் நான்கு கம்பியூட்டரையும் பார்த்துக்கொள்ளும் செல்வராணி திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். நம்முடைய இன்டர்நெட் பக்கத்துக்கு இன்னும் இரண்டு விளம்பரக் கம்பெனிகள் கடிதம் எழுதியிருக்கின்றனவாம். அந்த ஓரத்துப் பெட்டியை எங்களுக்குத் தாருங்கள், நாங்கள் கூடுதல் பங்கு தருகிறோம் என்று.

"நம்ம மூஞ்சிக்கு அடிபிடிண்ணே," என்றாள்.

இது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கின வரை எழுதி வைக்கிறேன். பக்கத்தில் நாங்கள் போடுவது: கந்தப்பளை, நுவரெலியா மரக்கறி விலை ஆங்கிலத்தில், தோட்டச் செய்தி, மரண அறிவித்தல் தமிழில். பார்ப்பவர்கள் கொழும்பு மொத்த வியாபாரிகளும் வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஆட்களும். ஓரத்தில் ஒரு பெட்டி விட்டிருக்கிறோம். வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்றின் இயந்திரம் நம் பக்கத்தை வாசித்து, லீக்ஸ் என்று கண்டால் விதை, உரம் என்று பொருத்தமான விளம்பரத்தைத் தானாகவே அதில் வைக்கும். யாராவது அதைக் கிளிக் செய்தால் விளம்பரக்காரன் கம்பெனிக்குக் கொடுப்பான், கம்பெனி நமக்குக் கொடுக்கும்.

பிஸ்கட் கம்பெனி கண்ணாடி அலுமாரி தந்து முன்வரிசை கேட்பது மாதிரி. அது வரை சரி. ஆனால் பிஸ்கட் கம்பெனிக்காரன் நேரே வருவான், தேத்தண்ணீர் குடிப்பான், அம்மா சுகமா என்று கேட்பான். இவர்களுக்கு முகமே இல்லை.

10, செவ்வாய்

வெயில், பிறகு தூறல். முனை மழுங்கின பென்சில் பெட்டி திருப்பி அனுப்ப வேண்டும், மறக்கக் கூடாது.

இரண்டு கம்பெனிப் பெட்டியையும் அருகருகே வைத்தால் என்ன என்று கேட்டேன். பிஸ்கட்டுக்கு அப்படித்தான் செய்கிறேன், ஒருவனுடைய அலுமாரியில் மற்றவனுடைய பிஸ்கட் பக்கெட் பின்வரிசையில். செல்வராணி தலையில் அடித்துக்கொண்டாள். பெ.க. (பெரிய கம்பெனி) விதியில் கூடாதாம். விதி எத்தனை பக்கம் என்றேன். திரையை உருட்டிக்கொண்டே போனாள். நிற்கவே இல்லை.

கடிதம் போட்டதில் ஒருவன் தன் இயந்திரத்துக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும் என்கிறான். பெ.க. இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, அதனால் தமிழ்ப் பக்கங்களில் பெட்டி இல்லை. சரி, பார்ப்போம் என்று மரண அறிவித்தலில் வைத்துப் பார்த்தோம். கந்தப்பளையில் காலமான ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையின் படத்துக்கு அருகே உடம்பு மெலிவதற்கு மாத்திரை. உடனே எடுக்கச் சொன்னேன்.

இன்னொரு குழப்பம். என் திரையில் உரம், அடுத்த கம்பியூட்டரில் அதே பக்கத்தில் கப்பல் டிக்கெட். ஆளுக்கு ஆள் வேறாம். என் கடைத் தட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத வியாபாரம்.

12, வியாழன்

கூட்டம். வியாபாரம் நன்று. முழங்கால் வலி.

செல்வராணி வருடப்பிறப்புக்குப் பூண்டுலோயா போகிறாள். போகுமுன் ஒரு கடிதத்தைக் காட்டினாள். கொழும்பில் ஒரு நிறுவனம் அவளை 27ஆம் திகதி நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. இந்த மாதிரி விளம்பரக் கணக்கு நடத்திப் பழகிய ஆள் தேவையாம். பெ.க. கணக்கு அவள் பெயரில் இருப்பதால் அதைத்தான் காட்டப்போகிறாள்.

அவள் பெயரில் இருப்பதற்குக் காரணம் நான். அன்றைக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பும்போது, என் பெயர் ஏற்கெனவே வரிக் கந்தோரில் போதுமான இடத்தில் இருக்கிறது, உன் பெயரைப் போடு என்றேன். வெள்ளைக்காரன் கம்பெனி தன் பெயரைக் கேட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"கெடச்சா போவேண்ணே. மறைச்சுச் சொல்ல மாட்டேன்."

போ என்றேன். வேறு என்ன சொல்ல. அவள் போனால் பக்கம் நின்றுவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை.

14, சனி. வருடப்பிறப்பு

மருத்துநீர் வைத்துக் குளிப்பு. கோயில். புது வேட்டியில் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்து பிரகாரம் சுற்றியிருக்கிறேன், மனைவி வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்.

கைவிசேஷ நேரத்தில், வருடத்தின் முதல் காசு கைமாறும் சுபவேளையில், கடை திறந்து, வழக்கம்போல் வெற்றிலையில் நாணயம் வைத்துக் கொடுத்தேன். கடைவீதி ஆட்கள் எல்லாரும். அடுத்த கடை டெய்லர் கருப்பையா வாங்கிக்கொண்டே கேட்டார்:

"அண்ணே, இந்தக் கடைக்குக் கைவிசேஷம். அந்த இன்டர்நெட் கடைக்கு? அதுவும் கடதானங்க?"

நியாயமாகப் பட்டது. கிளிக் செய்தால் நமக்குப் பங்கு என்று அவருக்கு நான்தான் முன்பு விளக்கியிருந்தேன். கம்பியூட்டரைப் போட்டு உட்காரவைத்தேன். வலது கையால் விளம்பரத்தில் ஒரு கிளிக். அவருக்குப் பின்னால் வரிசை. மருந்துக்கடைக்காரரின் மனைவி மவுசுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். ஒன்று போதாது, ஒற்றைப்படையாக மூன்று என்று யாரோ சொல்ல, முதலில் ஒன்று கொடுத்தவர்களும் திரும்ப வந்து உட்கார்ந்து நிறைவு செய்தார்கள். நான்கு கம்பியூட்டரும் ஓடின. பேக்கரி பியதாச முதலாளி கொக்கிஸ் பலகாரத் தட்டோடு வந்தவர், விஷயம் கேட்டுத் தன் மனைவியையும் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்குக் கைராசி அதிகம் என்று வீதியில் பெயர்.

மனம் நிறைந்தது. ஒரு கடை திறந்தால் அக்கம்பக்கம் வந்து வாங்குவது வழக்கம். இதற்கும் அது நடந்துவிட்டது.

17, செவ்வாய்

மழை. கடை மந்தம்.

செல்வராணி இல்லாததால் கடிதங்களை நானே திறந்து பார்க்கிறேன், எப்படித் திறப்பது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பெ.க.விடமிருந்து ஒன்று. அவள் பெயர் போட்டு. அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

கணக்கு மூடப்பட்டது. காரணம், செல்லாத கிளிக்குகள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து. விளம்பரக்காரர்களுக்கு நஷ்டம் வரும்படி நடந்ததால் சேர்ந்த பணம் அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்படும். இந்தப் பெயரில் இனி ஒருபோதும் கணக்கு திறக்க முடியாது.

கீழே கையெழுத்து இல்லை. ஆள் பெயர் இல்லை. "குழு" என்று மட்டும்.

பணம் போகட்டும். ஆனால் இந்தக் கடிதத்தின்படி செல்வராணி கள்ளி. யாருக்கு என்ன செய்தாள்? சந்தனம் வைத்தோம், கிளிக் செய்தோம். அதில் எது களவு? கிளிக் செய்யத்தானே அந்த விளம்பரம் அங்கே இருக்கிறது? வாங்குகிற எண்ணம் உள்ளவன் மட்டும்தான் தொட வேண்டும் என்றால், எண்ணத்தை அந்த இயந்திரம் எப்படிப் பார்க்கிறது?

இரண்டாம் தடவை தேத்தண்ணீர் ஆறிப்போனது.

ஒரு நினைப்பும் வந்தது. இனி கொழும்பில் காட்ட அவளிடம் கணக்கு இல்லை. போகமாட்டாள். எனக்கு நல்லது. இந்த நினைப்பை வெளியில் சொல்ல முடியாது, அதனால் இங்கே.

18, புதன்

செல்வராணி திரும்பினாள். பலகாரப் பொட்டலம், அவள் அம்மா கொடுத்தது. நான் சொல்லுமுன் அவளே கடிதத்தைத் திறந்துவிட்டாள்.

சத்தம் போடவில்லை. யார் யார் கிளிக் செய்தது என்று கேட்டாள். சொன்னேன். மவுசிலிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"பியதாச அம்மாவுமா?"

ஆமாம் என்றேன்.

"எத்தன?"

ஒற்றைப்படை என்றேன். ஒரு கணம் சிரிப்பது போல் வந்தது, வரவில்லை.

"அண்ணே, எம்பேரு போட்டு அந்தப் பெரிய கம்பெனி எழுதின மொதக் கடுதாசி இதுதான். இந்தத் தொழில் செய்ற எடத்துல எல்லாம் கேப்பாங்க. கணக்கு இருந்திச்சா, ஏன் மூடினாங்கன்னு. நான் என்னான்னு சொல்ல? எங்க மொதலாளி வெத்தலயில வச்சிக் குடுத்தாருன்னா?"

நேற்று வந்த நினைப்பு ஞாபகத்துக்கு வந்து கூசியது.

கருப்பையா எட்டிப் பார்த்து, நம்ம கை எப்படி, இன்டர்நெட் கடை ஓடுதா என்று கேட்டார். ஓடுது என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

20, வெள்ளி

ஒரு வேலையில் இறங்கினால்தான் எனக்குத் தலை தெளியும். தோட்டத்தில் அநியாயம் நடந்தால் மகஜர் எழுதுவோம். எழுதினேன். எங்கள் வழக்கம் இன்னது, அந்தப் பெண் ஊரிலேயே இல்லை, கிளிக் செய்தது நாங்கள், நல்லெண்ணத்தில் செய்தது. இனிச் செய்யமாட்டோம்.

கையொப்பம் வாங்கப் போனபோது வீதிக்கே உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. கருப்பையா முகம் சுண்டிவிட்டது. முதலில் கேட்டவர் அவர்தானே. அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையொப்பமிட்டார். பியதாச முதலாளியின் மனைவி சிங்களத்தில் எழுதினார், என் கை, என் தவறு என்று. கடைசியில் சமாதான நீதவானிடம் முத்திரையும் குத்தியாயிற்று.

பிறகு பார்த்தால் அனுப்ப விலாசம் இல்லை. தபால் கந்தோரில் எந்த ஊருக்கு என்று கேட்கிறார்கள். கம்பெனி ஊரைச் சொன்னால் தெரு கேட்கிறார்கள்.

முறையீட்டுக்கு ஒரு பாரம் இருக்கிறது, கம்பியூட்டரில்தான் நிரப்ப வேண்டும் என்றாள் செல்வராணி. முத்திரை குத்த இடமில்லை. நான்கு வரிதான் கொள்ளும். மகஜரை அவள் ஆங்கிலத்தில் நான்கு வரியாக்கினாள். சந்தனம், வெற்றிலை எல்லாம் விட்டுப்போயிற்று. மிஞ்சினது: பலர் கிளிக் செய்தார்கள், மன்னிக்கவும். இப்படிச் சுருக்கினால் எனக்கே சந்தேகம் வருகிறது.

23, திங்கள்

பதில் வந்தது. உங்கள் விளக்கத்துக்கு நன்றி. மறுபடி பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை. அதே குழு.

மனிதர் யாராவது வாசித்தார்களா, இயந்திரமேதானா? செல்வராணிக்கும் தெரியவில்லை. தமிழ் தெரியாத இயந்திரத்துக்குக் கைவிசேஷம் எங்கே தெரியப்போகிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

முட்டைக் கோவா விலை விழுந்துவிட்டது. கந்தப்பளையில் வயலிலேயே உழுதுவிடுகிறார்களாம்.

24, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கடிதம் போட்ட மற்ற இரண்டில் ஒன்று கொழும்புக் கம்பெனி. அதிலிருந்து ஆளே வந்துவிட்டான். வெள்ளவத்தைப் பையன், டை, குளிரில் நடுங்கிக்கொண்டு. இந்தப் பெட்டி வியாபாரத்தில் முதல் முதலாக ஒரு முகம். தேத்தண்ணீர் கொடுத்தேன். அம்மா சுகமா என்று நானே கேட்டேன்.

தொழில் நிலவரத்தைத் தெளிவாகச் சொன்னான். பெரியவனோடு மோத இப்போது பத்துப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். விளம்பரம் தருகிறவன் இருக்கிறான், பெட்டி வைக்க நல்ல பக்கம்தான் பஞ்சம். அதனால் ஒவ்வொருவனும் பக்கக்காரனைத் தேடி ஓடுகிறான். ஒருவன் பங்கைக் கூட்டினால் அடுத்தவன் இன்னும் கூட்டுகிறான். பெரியவனிடமிருந்து வெளியே தள்ளப்பட்டவர்களை எடுக்கத் தங்கள் கம்பெனியில் தனிப் பிரிவே இருக்கிறதாம்.

அவன் சொன்ன பங்கு நல்லது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில், ஆனால் ஒரே தாள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். மகஜரையும் காட்டினேன், ஆள் புரிந்துகொள்ளட்டும் என்று. அதைப் பாதி வாசித்தவன் என்னை மரியாதையாகப் பார்த்தான்.

"அண்ணை, உது பிரச்சினையே இல்லை. ஒரு காலமையிலை இவ்வளவு சனத்தைத் திரட்டினனீங்கள்தானே. ஒரே லைனிலை செய்ததுதான் பிழை. கிளிக்கை நாள் முழுக்கப் பரவலாச் செய்ய வேணும். ஆரு உங்களுக்கு இதைச் செய்து தந்தது? உந்தத் தங்கச்சியோ? அவவைக் கொழும்புக்கு விடுங்கோ, எங்கடை கம்பெனிக்கு இப்பிடித் தெரிஞ்ச ஆள் தேவை."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. முகமில்லாதவன் எங்களைக் கள்ளர் என்று தள்ளிவிட்டான். முகமுள்ளவன் கள்ளர் என்று நம்பித்தான் தேடி வந்திருக்கிறான். நம்பி, சம்பளமும் தருகிறான்.

செல்வராணி எழுந்து வந்தாள். கேட்டாள், குரலை உயர்த்தாமல்:

"அந்த மகஜர்ப் பேப்பர்ல எழுதியிருக்கிறது பொய்யின்னு நெனக்கிறீங்களா, நெசம்னு நெனக்கிறீங்களா?"

பொய்யோ மெய்யோ எங்களுக்கு அது தேவையில்லை தங்கச்சி என்றான். கெட்டவன் இல்லை. சமாதானமாகத்தான் சொன்னான்.

அவள் என்னைப் பார்த்தாள். பேனா என் கையில். வியாபாரி நான், இதைவிட நல்ல பேரம் இனி வராது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திட்டால், முதல் கம்பெனி சொன்னதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? ஆகாது என்றுதான் கணக்கு சொல்கிறது. கை போகவில்லை. அடுத்த ரயில் எப்போது என்று கொழும்புத் தம்பிக்குச் சொன்னேன். குடை இல்லாமல் வந்திருந்தான், கடையிலிருந்து ஒன்று கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கினேன்.

25, புதன்

நாள் முழுக்க எனக்குள் தர்க்கம். கருப்பையா, மருந்துக்கடைக்காரர் எல்லாரும் ஒரே யோசனை: உங்க பேர்லயே பெரிய கம்பெனியில புதுசாத் தொறங்களேன், அவனுக்கு எப்படித் தெரியும்? செய்யலாம். ஆனால் என் பெயரில் பெட்டி ஓடும், அவள் பெயர் அங்கேயே கிடக்கும். வரிக்காரனுக்குப் பயந்து அவள் பெயரை முன்னால் தள்ளினது நான். இப்போது காசுக்கு என் பெயர், களவுக்கு அவள் பெயரா?

அவளிடம் கேட்டேன். பெட்டியே வேண்டாம் என்றாள்.

"அப்ப இன்டர்நெட் பக்கத்துச் செலவு?"

"நீங்கதானே மொதலாளி, நீங்க யோசிங்க. நான் நேர்முகத்துக்குப் போறேன்."

காட்ட ஒன்றுமில்லாமல் எதற்குப் போகிறாய் என்று வாய் வரை வந்தது. ரயில் காசு வேண்டுமா என்று மாற்றிக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

26, வியாழன்

மனைவிக்குச் சளி. கசாயம்.

கடை பூட்டும் நேரம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெட்டி இருந்த இடம் வெறும் வெள்ளை. அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி: இங்கே இருந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது, ஏன் என்று அறிய விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கலாம். கீழே அவள் முழுப் பெயர், பூண்டுலோயா. இரண்டு வருடமாகப் பக்கத்தில் எங்குமே அவள் பெயர் இருந்ததில்லை. என் கடைப் பெயர் மட்டும்தான் மேலே பெரிதாக.

யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இது விளம்பரமா, வாக்குமூலமா? அழிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் வேலை முடிந்து போய்விட்டாள்.

27, வெள்ளி

நல்ல வெளிச்சம். பனியே இல்லை.

செல்வராணி அதிகாலை ரயிலில் போய்விட்டாள். அடையாள அட்டை, வேலை செய்யும் இடத்துக் கடிதம் எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள் என்று நேற்றே சொல்லியிருந்தேன். கொழும்பில் இப்போது பொலிஸ் சோதனை அதிகம். மகஜரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள், முத்திரையோடு.

காலை முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை. வேலை கிடைக்கட்டும் என்று கும்பிட்டால் என் பக்கத்துக்குக் கேடு. கிடைக்காமல் போகட்டும் என்று கும்பிட மனம் வரவில்லை. சாமியிடம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

கந்தப்பளையிலிருந்து விலை வந்தது. கரட் ஏறியிருக்கிறது, லீக்ஸ் அதே, பீட்ரூட் சற்று இறக்கம். நானே தட்டினேன். ஒரு விரலால். கரட்டை லீக்ஸ் வரிசையில் போட்டு, கொழும்பு வியாபாரி ஒருவர் தொலைபேசியில் ஏசினார். திருத்தினேன்.

நாலு மணிக்குப் பிறகு அவள் அழைத்தாள். தெருச் சத்தம். கணக்கு மூடினதை அவர்கள் கேட்கவே இல்லையாம்.

"கேக்கலண்ணே. நானாத்தான் சொன்னேன். பேப்பரயும் காட்டினேன். பெரிய ஐயா ஒருத்தர் முழுசும் வாசிச்சாரு. சந்தனம் வச்சதக் கேட்டுட்டுச் சிரிச்சாரு."

நான்கு வரியாகச் சுருக்காத மகஜரை ஒரு மனிதர் வாசித்துவிட்டார். அது போதும் போல எனக்கு இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. நம்பிச் சிரித்தாரா என்று கேட்டேன். அவள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், லைன் கரகரத்தது.

"நாளைக்கும் வெலய நீங்களே போடுங்கண்ணே."

நாளைக்கு மட்டுமா, இனிமேலா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.